‘ரிப்போர்ட் கிளியர்’ என்றால் வேலை முடிந்ததா?



சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவர். எட்டு மாதமாக நெஞ்சுக்குழியில் எரிச்சல். இரண்டு பிடி சோறு உள்ளே போனால் வயிறு உப்பிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டும் பார்த்தார்கள். “எல்லாம் கிளியர்னு சொல்லிட்டாங்க ஐயா. அப்ப வலி மட்டும் ஏன் போகல?” என்று என் முன்னால் வந்து நின்றார். வீட்டுக்காரர் மனப்பிரமை என்கிறாராம். மாமியார் கழிப்புக் கழிக்கச் சொல்கிறாராம்.

கிளியர் என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனை தேடியது அன்றைக்கு அகப்படவில்லை, அவ்வளவுதான். ஸ்கேனில் பித்தக்கல் தெரியும், இரைப்பைப் புண் பெரும்பாலும் தெரியாது. குழாயில் புண் தெரியும், கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அக்காவுக்கு அதையும் எடுத்தார்கள்; கிருமி இல்லை என்றே வந்தது. தப்பு என் பக்கம் இருந்தது. சோதனைக்கு முதல் நாள் வரை ஒமெப்ரஸோல் மாத்திரை கொடுத்தவன் நான்தான். அந்த மாத்திரை சாப்பிடும்போது கிருமி அடங்கிக் கிடக்கும், சோதனையில் மாட்டாது. டாக்டரைக் கேட்டு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி வேண்டும். நிறுத்தி மறுபடி சோதித்தபோது கிருமி இருந்தது.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் வயிற்றுப்புண் என்றால் மிளகாயும் கவலையும்தான் காரணம் என்று டாக்டர்களே சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இருவர் 1982-இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இந்தக் கிருமி அதிகம் காணப்படுகிறது. ஆகவே நம்மவர்கள் கேட்டே ஆக வேண்டும்: “இந்தக் கிருமிக்குச் சோதிச்சீங்களா டாக்டர்?”

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போங்கள். இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அவர்களுக்கு வேறு ரகம் மாற்றித் தரலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். முதுகுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் பொன்ஸ்தான் இரைப்பையைப் புண்ணாக்கும். பால் டீ குடித்தால் வயிறு கடமுடா என்கிறதா? அதையும் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்தும் ஒன்றும் அகப்படாதவர்களும் உண்டு. குடலின் அசைவும் நரம்பின் உணர்வும் சீர்கெட்ட நோய் அது. அதற்கும் பெயர் உண்டு, மருந்து உண்டு. நடிப்பு என்று ஏசுவது பாவம்.

உடம்பு இளைத்தால், மலம் கறுத்தால், ரத்தம் பட்டால், சோறு தொண்டையில் இறங்காவிட்டால் பழைய ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள், உடனே போங்கள். 50 தாண்டிய பெண்களுக்கு விடாத வயிற்று உப்பலென்றால் கருப்பையையும் சூலகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி போகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60எஃப் பிரிவின்படி டாக்டர் சான்று இருந்தால் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. சேவை 2 வருடமானால் 18, 5 வருடமானால் 22. வந்து போன நேரத்தை மட்டும் காட்டும் சீட்டு அதற்குச் செல்லாது. நோய் விடுப்புச் சான்று கிடைக்குமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அக்கா 14 நாள் மருந்தை முடித்துவிட்டார். கிருமி போனதா என்று பார்க்க இன்னொரு சோதனை இருக்கிறது. ஒமெப்ரஸோலை என்றைக்கு நிறுத்த வேண்டும் என்று இந்தத் தடவை டாக்டரிடம் கேட்டு, டிஸ்பென்சரி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.