சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீச் தெரபிஸ்டுக்கு என்ன வேலை?

பக்கவாதம் வந்தவர் கண் திறந்ததும் நம்மூரில் முதல் வேலை, வாயில் ரெண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுவது. அதுவும் படுத்தபடியே! பாசம்தான், ஆனால் ஆபத்தான பாசம். பக்கவாதம் தாக்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்கச் சிரமம் இருக்கும். தண்ணீர் வழி மாறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரலாம். புரையேறினால் தெரிந்துவிடாதா என்பார்கள். தொண்டையில் உணர்ச்சி குறைந்தவருக்கு இருமலே வராமலும் போகும் (கொடுமையே அதுதான்).

எந்தப் பதத்தில், எப்படி உட்கார வைத்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட். "பேச்சு நல்லாத்தானே வருது, அவர் எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால் பரவாயில்லை, வார்டிலேயே கேட்கிறார்களே! பேசுகிற அதே நாக்கும் உதடும் குரல்வளையும்தானே விழுங்கவும் வேண்டும்?

சட்டம் மட்டும் என்ன வாழ்கிறது... 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பேச்சு, மொழிக் குறைபாடு உண்டு. விழுங்கும் குறைபாடு இல்லை. பேச முடியாதவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், சாப்பிட முடியாதவருக்கு? மூக்கில் டியூபைப் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது என்றிருக்கும் மருத்துவமனைகள், டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்குக் கீழே சாப்பாட்டின் பதத்தையும் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்?