தெளிந்த நீரும் மாண்ட மீன்களும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் எமக்கு எழுதியுள்ள கடிதம் சிறியது. ஆயினும் வாசித்தவுடன் மடித்து வைத்துவிட எம்மால் இயலவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியொன்றும் பத்துத் தங்கமீன்களும் வாங்கினாராம். மூன்றாம் நாள் நீர் பால் கலந்தாற்போல் வெளுத்தது. அஞ்சிய அவர் நீர் முழுவதையும் கொட்டி, கல்லையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்பினார். நீர் பளிங்குபோல் தெளிந்தது. ஆறாம் நாள் நான்கு மீன்கள் மாண்டன. "நான் சாப்பாடு கூடப் போட்டதாலா, அம்மா?" என்று மகள் கேட்டவண்ணம் இருக்கிறாளாம்.

அம்மையீர், முதலில் குழந்தையைத் தேற்றுங்கள். பிழை அவளுடையதன்று. மீனை விற்றவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மீனின் செவுள்களிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, ஆகவே கண்ணுக்குத் தெளிந்த நீரும் நஞ்சாயிருக்கலாம். பழகிய தொட்டியில் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை அதிகத் தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை பெரும்பாலும் நீரில் மிதப்பனவல்ல. கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். நீங்கள் கண்ட வெண்கலக்கமோ பிறிதொரு பற்றீரியாக் கூட்டம். சில நாட்களில் தானே அடங்கியிருக்கும். அதனைப் போக்க எண்ணி, குடியேறத் தொடங்கிய நல்லவற்றையும் குளோரீன் கலந்த குழாய்நீரால் அழித்துவிட்டீர்கள். குளோரீன் மீனின் செவுளையும் சுடும். நாமும் ஒருமுறை பஞ்சை வெள்ளைவெளேரென்று தோய்த்துக் காயவைத்துப் பெருமைப்பட்டோம். அந்தக் கிழமையே மூன்று மீன்களைப் புதைத்தோம்.

இனிச் செய்ய வேண்டியது யாது? நாள்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் நீரை அகன்ற வாளியில் முழுநாள் திறந்து வையுங்கள், குளோரீன் அகலும். அவசரமெனில் குளோரீன் நீக்கும் மருந்து கடையிலுண்டு. அவற்றுட் பல, முன்னாளில் புகைப்படக்காரர் பாவித்த அதே ஹைப்போ உப்பேயாம். உணவு இரண்டு நாளுக்கொருமுறை ஒரு சிட்டிகை போதும். நம் வெப்பத்தில் நீரிற் கரையும் ஒட்சிசன் குறைவு; காற்றுப் பம்பியை இரவிலும் நிறுத்தாதீர்கள். நண்பர் வீட்டு நலமான தொட்டியிலிருந்து அழுக்கேறிய பஞ்சுத் துண்டொன்று கிடைத்தால் கூச்சப்படாமல் வாங்கி உங்கள் வடிகட்டியில் வையுங்கள். அதைவிடச் சிறந்த மருந்தை நாம் அறியோம். நைத்திரைற்று ஏறும் நாட்களில் லீற்றருக்கு ஒரு கிராம் கறியுப்புக் கரைத்தால், அது செவுள் வழியே புகுவது குறையும்.

யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கிணற்றுநீரில் குளோரீன் தொல்லை இல்லை; சுண்ணாம்புக் கல்லின் வன்மை உண்டு. தங்கமீனும் கப்பியும் அதனை விரும்பும். ஆனால் காரத்தன்மை ஏறிய நீரில் அமோனியாவின் நஞ்சு பன்மடங்காகும்; பீ.எச். 7 இலிருந்து 8 ஆனால் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. கொழும்பின் மென்னீருக்கு மறுபுறத் தொல்லை: அது நாளடைவில் புளிப்பேறி, பற்றீரியாவின் வேலையையே தளர்த்திவிடும். வடிகட்டியில் சிறிது சிப்பியோட்டுத் துண்டு இட்டால் போதும்.

அம்மையீர், இன்னொன்றையும் மறைக்க மனமில்லை. உங்கள் தொட்டி கொள்வது ஏறத்தாழ 55 லீற்றர். வளரும் தங்கமீன்கள் ஆறுக்கு அது போதாது. இரண்டை மகள் தெரிந்தெடுக்கட்டும். ஏனையவற்றை முற்றத்தில் சீமெந்துத் தொட்டியுள்ள உறவினர் எவருக்கேனும் கொடுங்கள். சோதனைத் திரவத்தால் அமோனியாவும் நைத்திரைற்றும் ஒரு கிழமை தொடர்ந்து பூச்சியமெனக் காணும்வரை புதுமீன் வாங்க வேண்டாம். நிறத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதும் வேலையை மகளிடமே விடுங்கள். ஆறு கிழமை கழித்து அந்தக் கொப்பியில் என்ன இருந்ததென்று எமக்கு எழுதச் சொல்லுங்கள்.