கையடக்க விளையாட்டுக் கருவி: வரமா, சாபமா?

"விஞ்ஞானம் வரமா, சாபமா?" என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து நாங்களும் எழுதி வருகிறோம். முதற்பாதியில் வரம், பிற்பாதியில் சாபம், முடிவுரையில் கத்தியைப் பற்றி இரண்டு வரி. பத்துக்கு ஏழு மதிப்பெண் உறுதி. சென்ற ஆண்டுப் பேச்சுப் போட்டியில் "மின்னணு விளையாட்டுகள் மாணவரைச் சீரழிக்கின்றன" என்று மேசையைத் தட்டிப் பேசிப் பரிசு பெற்றதும் எங்கள் குழுவே. ஆனால் ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று பேசிய எங்கள் நால்வரில் ஒருத்திகூட அத்தகைய கருவியைக் கையால் தொட்டதில்லை!

அந்தக் குறை அரையாண்டு விடுமுறையில் நீங்கியது. எங்கள் தோழியின் அண்ணன் கல்லூரியில் படிப்பவர். மாலை வேளைகளில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு விளையாட்டுக் கருவியை வரவழைத்திருந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நாங்கள் அதைக் காணச் சென்றோம்.

முதற்பார்வையில் அது ஒரு சாதாரண டேப்லட். ஏழு அங்குலத் திரை. உள்ளே இயங்குவதும் நம் வீட்டுக் கைப்பேசிகள் பலவற்றில் உள்ள அதே ஆண்ட்ராய்டுதான். சிம் அட்டைக்கு மட்டும் இடமில்லை. ஆனால் திரையின் இருபுறமும் கைப்பிடி போல் நீண்டு, அங்கே உண்மையான பொத்தான்கள் இருக்கின்றன. இடப்புறம் சிலுவை வடிவில் ஒரு விசை. அதன் அருகே காளான் போன்ற ஒரு குமிழ். வலப்புறம் ஏ, பி, எக்ஸ், ஒய் என நான்கு பொத்தான்களும் இன்னொரு குமிழும். மேல் விளிம்பில் ஆள்காட்டி விரல்களுக்கென்று பக்கத்துக்கு இரண்டு விசைகள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 400 கிராமுக்குச் சற்று மேல். அரை மணி நேரம் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. நெடுநேரம் ஆடினால் முதுகுப்புறம் சூடேறி, உள்ளிருக்கும் சிறு விசிறி இரையத் தொடங்குகிறது.

இவ்வளவு பொத்தான்கள் எதற்கு, தொடுதிரை போதாதா என்று முதலில் நினைத்தோம். ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்தது. கண்ணாடித் திரையில் ஆடும்போது இரு கட்டைவிரல்களும் படத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடும். விரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். பொத்தான் அப்படியன்று. அழுத்தினால் தாழ்கிறது, விட்டால் எழுகிறது. அதன் இடத்தை விரலே அறிந்துகொள்கிறது. நம் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் சகோதரி பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பாரே தவிர, கட்டைகளைப் பார்ப்பதில்லை. கணினி விசைப்பலகையில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் சிறு மேடு வைத்திருப்பதும் விரல்கள் பார்க்காமலே தம் இடத்தை அறிவதற்காகத்தான். விரலுக்கும் ஓர் அறிவு உண்டு என்பதை அன்று கண்டோம்.

அந்தச் சிலுவை வடிவ விசைக்கு ஒரு வரலாறே இருக்கிறது. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றிய குன்பெய் யோகோய் என்ற பொறியாளர் அதை உருவாக்கினார். தொடர்வண்டியில் ஒரு பயணி பொழுது போகாமல் கணிப்பானின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அவருக்குக் கையடக்க விளையாட்டுக் கருவி பற்றிய எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள். 1980-இல் அவருடைய 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. 1982-இல் அவ்வரிசைக் கருவி ஒன்றில் சிலுவை விசை இடம் பெற்றது. 1989-இல் 'கேம் பாய்' வந்தது. நான்கு பென்சில் பேட்டரிகளும், பச்சை கலந்த மங்கலான திரையுமே அதன் மூலதனம். வண்ணத் திரையுடன் போட்டிக் கருவிகள் வந்தும், விலை குறைந்த, பேட்டரியை விரைவில் தின்றுவிடாத கேம் பாயே வென்றது. பின்னர் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து 11 கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், பழகி விலை மலிந்த பொருளைப் புதிய வகையில் பயன்படுத்த வேண்டும் என்பதே யோகோயின் கொள்கை. சிக்கனத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்வதும் ஏறக்குறைய இதுதானே!

ஆண்ட்ராய்டையும் பொத்தான்களையும் இணைக்கும் முயற்சியும் புதிதன்று. 2011-இல் எக்ஸ்பீரியா பிளே என்ற கைப்பேசியும், 2013-இல் என்விடியா ஷீல்டு என்ற கருவியும் வந்தன. இதில் ஒரு தொல்லை உண்டு. ஆண்ட்ராய்டு விளையாட்டுகளில் பல, விரலால் தொடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்குப் பொத்தான் இருப்பதே தெரியாது. "இந்தப் பொத்தானை அழுத்தினால் திரையில் இந்த இடத்தைத் தொட்டதாகக் கொள்" என்று ஒவ்வொன்றாக நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் நாளில் எங்கள் நேரம் பாதி அதிலேயே போயிற்று.

மற்றப் பாதி போனது எங்கள் முறை வருவதற்குக் காத்திருந்ததில். அண்ணனும் அவருடைய நண்பர்களும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் கேட்டபோது, "இதெல்லாம் உங்களுக்கு வராது, போய்ப் போனில் மிட்டாய் நகர்த்துங்க" என்றார் ஒருவர். அவர்கள் சாப்பிடப் போன பிறகுதான் கருவி எங்கள் கைக்கு வந்தது. சூப்பர் டக்ஸ் கார்ட் என்ற பந்தய விளையாட்டை ஆடினோம். முதல் சுற்றில் சுவரில் மோதினோம். ஐந்தாம் ஆட்டத்தில் எங்களில் ஒருத்தி இரண்டாவதாக வந்தாள். அதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "பொம்பளப் பிள்ளைங்க நாலு பேர் இருந்தும் தட்டு எடுக்க ஆள் இல்லையா?" தட்டு எடுக்க எங்களுக்குத் தயக்கமில்லை. ஆனால் அதே வேளையில் பையன்கள் திரும்பி வந்து கருவியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஆண்பிள்ளை ஆடினால் பொழுதுபோக்கு, பெண்பிள்ளை ஆடினால் பொழுது வீண் என்ற கணக்கு எங்களுக்குப் புரியவில்லை. தட்டையும் பங்கிடட்டும், பொத்தானையும் பங்கிடட்டும்.

இனி, எங்களைப் பல நாள் உறுத்திய செய்திக்கு வருகிறோம். கருவியோடு விற்பனையாளர் ஒரு நினைவக அட்டையையும் அனுப்பியிருந்தார். அதில் ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகள். எமுலேட்டர் என்ற நிரல், பழைய கருவி போல் நடித்து அவற்றை இயக்குகிறது. அந்த நிரலில் குற்றமில்லை. ஆனால் அந்த விளையாட்டுகளை ஆக்கியவர்களுக்கு யாராவது ஒரு ரூபாயாவது கொடுத்தார்களா? "எல்லோரும் செய்வதுதானே! நகல் எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மூலப்பொருள் அங்கேயேதான் இருக்கிறது" என்றார் அண்ணன். எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் பிறகு நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக நாங்கள் ஒரு மாதம் விழித்திருந்து எழுதிய நாடகத்தை, வேறோர் இடத்தில் எங்கள் பெயரைச் சொல்லாமலே நடித்துப் பரிசும் வாங்கினார்கள். எங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள்கூடக் குறையவில்லை. மூலப்பொருள் எங்களிடமேதான் இருந்தது. ஆயினும் மூன்று நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஏன்? எடுத்துச் சென்றது தாளையன்று, எங்கள் உழைப்பை. களவை விலக்கும் ஏழாம் கட்டளையை நாங்கள் மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறோம். அது பணப்பையை மட்டும் குறிப்பதன்று என்பது அன்றுதான் விளங்கியது. நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தம் கணினி நிரல்களையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது.

நிரல் எழுதுவோர் எல்லாரும் பெரும் செல்வந்தர் என்று எண்ணிவிடக் கூடாது. 2023-இல் 'வெண்பா' என்ற விளையாட்டு வெளிவந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், தன் அம்மா கொடுத்த சமையற்குறிப்புப் புத்தகத்தின் கிழிந்த பக்கங்களை ஊகித்து இட்லி முதலியவற்றைச் சமைக்கும் கதை அது. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு ஆக்கியது. 2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதையும் முதற்படைப்புப் பிரிவில் பெற்றது. துப்பாக்கியும் இரத்தமும் இல்லாமல், இட்லித் தட்டை அடுக்கும் முறையையே புதிராக வைத்து ஒரு விளையாட்டைச் செய்ய முடியும் என்பது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அத்தகைய குழுவின் உழைப்பையும் ஓர் அட்டையில் நகலெடுத்து விற்றால், அடுத்த விளையாட்டை யார் செய்வார்கள்?

எங்கும் விற்பனையில் இல்லாத பழைய விளையாட்டுகளை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். அது கடினமான கேள்விதான். அவை அழிந்துபோவதும் நல்லதன்று. ஆனால் பிறர் உழைப்பை அட்டையில் நிரப்பிக் காசு பார்ப்பவர் அதற்கு விடையாக மாட்டார். சரி, நாங்கள் மட்டும் யோக்கியமா? புதுப்படம் கைப்பேசிக்கு வந்துவிட்டால், எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதுண்டா? இல்லை. ஆகவே இந்தக் கண்டனம் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

இலவச விளையாட்டுகளோ என்றால் அவற்றுக்கு வேறு நோய். பழைய விளையாட்டுக்கு ஒரு முடிவு உண்டு. தோற்றாலும் வென்றாலும் ஆட்டம் முடியும், எழுந்து போகலாம். இக்காலத்து இலவச விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே இல்லை. இன்று வராவிட்டால் பரிசு போய்விடும் என்று பயமுறுத்துகின்றன. நாணயம் வாங்கு, மணி வாங்கு என்று நச்சரிக்கின்றன. பிள்ளைகளைக் காக்கச் சீன அரசு 2021-இல் சிறுவர்க்கு வெள்ளி, சனி, ஞாயிறுகளில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று இணைய விளையாட்டைக் குறுக்கியது. நம் நாடாளுமன்றம் 2025-இல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் வேண்டியதே. ஆனால் நமக்கு நாமே போடும் சட்டம் அதனினும் வலிது. 2006-இல் பதினைந்தாம் வயதில் இறந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குத்திஸ் விளையாட்டுக் கருவியை விரும்பியவர்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்கே எல்லை வகுத்துக்கொண்டார் என அவர் வரலாறு கூறுகிறது. எங்கள் வயதுப் புனிதர் ஒருவர் எங்கள் ஆசையை அறிந்தவர் என்பதில் எங்களுக்கு ஆறுதல் உண்டு.

ஆக, வரமா, சாபமா? எங்கள் கருத்து இது. கருவியில் பாவமில்லை. அதை யார் கையில் எடுக்கவிடுகிறோம், அதில் போடுவதை எப்படிப் பெறுகிறோம், எப்போது கீழே வைக்கிறோம் என்ற மூன்றிலும்தான் வரமும் சாபமும் இருக்கின்றன. நேர்மையாக ஆட வழியும் இல்லாமலில்லை. நாங்கள் ஆடிய சூப்பர் டக்ஸ் கார்ட், ஆக்கியோர் மனமுவந்து எல்லோருக்கும் இலவசமாக வழங்கியது. நாணயம் கேட்பதில்லை, நாளை வா என்று மிரட்டுவதுமில்லை.

அந்த அட்டை இன்னும் தோழியின் வீட்டில்தான் இருக்கிறது. அதிலுள்ளவற்றை ஆடுவதில்லை என்று நாங்கள் நால்வரும் முடிவு செய்திருக்கிறோம். அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆனால் சென்ற மாதம் தாம் சிறுவயதில் ஆடிய ஒரு விளையாட்டை, அட்டையில் இருக்கும்போதே, பணம் கொடுத்து வாங்கினாராம். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாராம். இப்போதெல்லாம் எங்களுக்கும் ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் முறை வருகிறது. பொதுத்தேர்வு முடியும் வரை அதையும் நாங்களே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இளைய தோழியரே, அடுத்த ஆண்டு அந்தப் பேச்சுப் போட்டித் தலைப்பு உங்களுக்கு வரும். மேசையைத் தட்டுமுன் பொருளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். நாங்கள் செய்யத் தவறியது அதுதான்.