கழற்றிப் பார்க்க ஓர் இடம் வேண்டும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து முதல் இரண்டு நாட்களில் அடையாறு தன் கரைகளை மீறிச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தபோதும், 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்களில் மழைநீர் வடிய மறுத்து நின்றபோதும், 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின் மழை நகரம் முழுவதையும் முடக்கிப் போட்டபோதும், தண்ணீர் வடிந்த மறுநாள் முதல் கண்ணில் பட்ட காட்சி ஒன்றாகவே இருந்தது. சேறு பூசிய மோட்டார் சைக்கிள்களையும் ஸ்கூட்டர்களையும் அவற்றின் சொந்தக்காரர்கள் மெக்கானிக் கடைகளை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். கடை வாசலில் அவை நாட்கணக்கில் முறைபோட்டுக் காத்துக் கிடந்தன. அவற்றில் சில வீடு திரும்பின, சில காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அப்படிப் போனவற்றுள் பல, உடையவனே சிறிது பொறுமையோடும் சிறிது விவேகத்தோடும் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிரித்துத் துடைத்துப் பூட்டியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

சேதமுற்ற வண்டியை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவதை வேலையற்ற வாலிபர்களின் விநோதப் பொழுதுபோக்காகவும், அக்கம்பக்கத்தாருக்கு ஓர் உபத்திரவமாகவும் கருதுவது நம் மத்தியதர வர்க்கத்தின் வழக்கமாகிவிட்டது. ஆனால் தான் ஏறிப் போகும் யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ள விரும்புகிறவனைப் பரிகசிக்கும் சமூகம், அந்த யந்திரம் நின்றுபோன அன்று பிறர் சொல்லும் விலையைக் கொடுத்துவிட்டு வாய்மூடி நிற்க வேண்டியதுதான்.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மேல் தீராத ஆசை கொண்டார்; கோவையில் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்து காசு சேர்த்தார்; 300 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார்; வாங்கியதும் அதைக் கழற்றிப் பிரித்து, மறுபடி பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவரும், பின்னர் கோவையில் தொழிற்கல்வி நிலையம் தோன்றக் காரணமாக இருந்தவரும் இந்த மனிதரே. இந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் அந்த 300 ரூபாயையும் அதைச் சேர்க்க அவர் பட்ட பாட்டையும் விஸ்தாரமாக வர்ணிப்பார்கள். எனக்கோ அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் சொல்ல எவரும் இருக்கவில்லை. திறப்பதற்குச் சாதாரண ஸ்பேனர்களே அந்தக் காலத்து யந்திரத்துக்குப் போதுமாக இருந்தன. விடாமுயற்சி இன்றும் அரிதான சரக்கல்ல. அந்த இரண்டு வசதிகளும்தாம் அரிதாகிவிட்டன.

சென்னைக்கும் சொந்தமாக ஓர் ஆசான் இருந்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவ, ராணுவத்தின் தேவையை முன்னிட்டுத் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் தயாராகத் தொடங்கின. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்ட பிறகும், 70 மில்லிமீட்டர் அகலத் துளையில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு என்ஜின், பெரிய மாறுதல் ஏதுமின்றி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இங்கே வெளிவந்துகொண்டிருந்தது. புதுமை விரும்பிகள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. எனினும் அந்தச் சோம்பேறித்தனத்தின் பலனாகத் தகப்பனார் வண்டியில் கற்ற பாடம் மகன் வண்டிக்கும் பெரும்பாலும் செல்லுபடியாயிற்று.

அந்த வண்டி தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் சுபாவம் உடையது. கியர் பெட்டி என்ஜினின் உடலுக்குள் அடங்காமல் தனிப் பெட்டியாக இருப்பதால், ஒன்றைத் திறக்காமல் மற்றொன்றைப் பிரிக்கலாம். என்ஜினின் வலப் பக்கத்துச் சிறு மூடியைத் திறந்தால், வால்வுகளைத் தூக்கும் இரு தடிகளின் அடிப்பாகம் கண்முன் தெரியும். என்ஜின் ஆறியிருக்கும்போது தடியை விரலால் சுழற்றினால் அது சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான் டேப்பெட் வைக்கும் சாஸ்திரம். அளக்கத் தகடுகூட வேண்டாம். மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில், திண்ணையும் ரேழியும் கிணற்றடியும் இருந்த காலத்தில், இந்தப் பாடத்தைப் பெரியவர் சொல்லச் சிறியவர் கை கற்றுக்கொள்வது சாத்தியமாக இருந்தது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குச் செய்ய வேண்டிய முதல் சிகிச்சை, ஒன்றும் செய்யாதிருப்பதே. தண்ணீர் வடிந்ததும் ஆசையை அடக்க மாட்டாமல் கிக்கரை உதைப்பதும் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துவதும் பெருந்தீங்கு. காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது, ஆகையால் சிலிண்டருக்குள் புகுந்த நீரின்மேல் பிஸ்டன் மோதும் வேகத்தில் கனெக்டிங் ராட் வளைந்துபோகும். அவ்விதம் நேர்ந்த சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பெரும்பாலும் நஷ்டஈடு கிடையாது. என்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, அதன் பிறகே கிக்கரை மெல்ல மிதித்தால், உள்ளே தேங்கிய நீர் பிளக் துளை வழியாகப் பீறிட்டு வெளியேறும். அடியிலுள்ள நட்டைத் திருகி ஆயிலை இறக்கினால், அது பால் விட்ட காப்பியின் நிறத்தில் வரும். அந்த நிறம் போகும்வரை மலிவான ஆயிலை ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி மறுபடி இறக்க வேண்டும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, டாங்க்கின் அடியில் தங்கும். ஆதலால் டாங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுவதும் காலி செய்யாமல் தீராது. சக்கரங்களைக் கழற்றிப் பிரேக் டிரம்மை உலர்த்தி, பேரிங்குகளில் பழைய கிரீஸை வழித்துப் புதியதை அடைக்க வேண்டும். இவையெல்லாம் இரண்டொரு நாளுக்குள் நடந்தால் வண்டி பிழைக்கும். சாக்கடை கலந்த நீர் வாரக்கணக்கில் உள்ளே நின்றுவிட்டாலோ சிலிண்டரின் உட்சுவரில் துரு ஏறி, ரிங்குகள் பிடித்துக்கொள்ளும். அப்போது தலையையும் சிலிண்டரையும் இறக்கி, லேத்துப் பட்டறையில் போர் போட்டு, பெரிய அளவு பிஸ்டன் மாற்ற வேண்டியதாகும். மெக்கானிக் கடையின் நீண்ட வரிசையில் வண்டியைக் காக்க வைப்பதன் அபாயம் இதுவே. உடனே கை வைத்தால் ஆகும் வேலை, தாமதித்தால் ஆகாது.

பிரிப்பதில் ஓர் ஒழுக்கம் உண்டு. கழற்றிய வரிசையில் நட்டு போல்ட்டுகளைத் தரையில் பரப்பிய செய்தித்தாளின்மேல் அடுக்கி, எது எங்கிருந்து வந்தது என்று அதன் ஓரத்திலேயே எழுதி வைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். தினசரிப் பத்திரிகையில் கருத்துக் கட்டுரை அச்சிடும் பக்கம் இதற்கு மிகவும் உபயோகப்படும் என்று கேள்வி. இப்போது கைபேசிப் புகைப்படம் அந்த வேலையை இன்னும் சுலபமாக்கிவிட்டது. அலுமினிய உடலில் இறங்கும் போல்ட்டை ஆத்திரத்தோடு முறுக்கினால் மறை அழிந்துபோகும் என்பதையும், பழைய கேஸ்கெட்டை மறுபடி வைப்பது மிச்சமாகாது என்பதையும் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

வீட்டில் செய்யத் தகாதவையும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொறுப்பற்றதாகிவிடும். விபத்தில் சேஸிஸ் வளைந்த வண்டியைக் கண்ணளவில் நிமிர்த்தி ஓட்டுவது தற்கொலைக்குச் சமானம். கிராங்க்கைப் பிரித்து அழுத்திப் பூட்டுவதற்குப் பிரஸ் யந்திரம் வேண்டும். ஏ.பி.எஸ். பிரேக்கின் உட்கருவியைத் தொடாதிருப்பது உத்தமம். புதுப்பேட்டையில் கிடைக்காத பழைய பாகம் இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, அங்கே வாங்கும் என்ஜினுக்கு முறையான ரசீதும் அழிக்கப்படாத எண்ணும் இருக்க வேண்டியது அவ்வளவு அவசியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை உத்தேசித்து, என்ஜினை மாற்றினால் மந்தைவெளியிலோ கே.கே. நகரிலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்தாக வேண்டும். புதிய பாகங்கள் வேண்டுவோருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டம் என்று தீர்மானிக்கப்படுகிறது. பத்து வருஷத்து வண்டியின் மதிப்போ சொற்பம். ஒர்க்ஷாப்பின் கூலியைச் சேர்த்த மாத்திரத்தில் அந்த எல்லை தாண்டிவிடும். உடைசலின் மதிப்பைக் கழித்துக்கொண்டு வண்டியை உடையவனிடமே விட்டுவிடும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறலாம்; தன் உழைப்பைத் தானே இனாமாகப் போடத் துணிந்தவனுக்கு அது லாபமாகவே முடியும்.

இனித் தடைகளைப் பார்ப்போம். முதலாவது தடை இடம். பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்த மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஒரு குடும்பத்துக்கு மிஞ்சுவது தரைத்தளத் தூண்களுக்கிடையே கோடு போட்ட ஒரு செவ்வகம். அதில் வண்டியை நிறுத்தலாம், கழற்றலாகாது என்பது பல குடியிருப்போர் சங்கங்களின் எழுதிய அல்லது எழுதாத விதி. சங்கத்தாரை நான் முற்றிலும் நிந்திக்க மாட்டேன். அந்தத் தரைத்தளத்தில்தான் கட்டடம் முழுவதற்கும் உரிய மின்சார மீட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் பெட்ரோல் டாங்க்கைத் திறந்து வைப்பதை எவர் அனுமதிப்பார்? எஞ்சிய கறுப்பு ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றிவிட்டுக் கை கழுவும் பேர்வழிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வடிகால் அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போகிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

இரண்டாவது தடை உற்பத்தியாளர்கள். உதிரிப்பாகங்களையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு எட்டாமல் தடுத்தன என்பதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்து வழக்கை நீட்டின. இரு சக்கர வண்டிகள் அந்த வழக்கில் சேரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கம்பெனியின் ஒர்க்ஷாப்புக்குக் கிடைக்கும் பழுதறியும் விவரங்கள் உடையவனுக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று 2012-இல் ஜனங்களே வாக்களித்துச் சட்டமாக்கினார்கள். இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது நீக்கும் உரிமையை ஆராய ஒரு குழு அமைத்து, மோட்டார் வாகனங்களையும் அதன் வரம்பில் சேர்த்தது. இணையத்தில் அதற்கென ஒரு தளமும் திறந்தது. நல்ல ஆரம்பமே, ஆயினும் உடையவனுக்குச் சட்டம் தரும் உரிமையாக அது இன்னும் முதிரவில்லை.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்து, கார்புரேட்டர் போய், சென்சார்கள் வந்துவிட்ட பிறகு வீட்டுப் பட்டறையைப் பற்றிப் பேசுவது பழம் பெருமை அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். செயினும் கிளட்ச் தகடுகளும் பிரேக் கட்டைகளும் பேரிங்குகளும் ஃபோர்க் ஆயிலும் இன்னமும் மாறாதிருக்கின்றன. வெள்ளநீர் கெடுப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். மாறியவற்றுக்கோ ஒரு பிழைக் குறியீடும் அதன் விளக்கமுமே தேவை. அந்த விளக்கத்தைப் பூட்டி வைத்திருப்பது யந்திரத்தின் சிக்கல் அல்ல, கம்பெனியின் வியாபாரத் தந்திரம். பழுதுபார்க்கும் கையேட்டைத் தமிழில் அச்சிட்டு விலைக்குத் தருவதும், ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் விலையையும் பகிரங்கமாக்குவதும் சட்டத்தின் கட்டாயம் ஆக வேண்டும்.

இடத்துக்கு வழி நம் மாநகராட்சியிடமும் தொழிற்கல்வித் துறையிடமும் இருக்கிறது. தரமணியிலும் கிண்டியிலும் உள்ள பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பட்டறைக் கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் போதும். நாலைந்து மேஜைகள், ஒரு வைஸ், ஒரு டார்க் ரெஞ்ச், மணல் வாளிகள், கழிவு ஆயிலைச் சேகரிக்கும் ஒரு பீப்பாய், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓய்வுபெற்ற ஒரு பட்டறை ஆசிரியர், உபயோகிப்போரிடமிருந்து ஒரு சிறு கட்டணம் என்ற அளவில் முதலாண்டு ஏற்பாடு முடிந்துவிடும். அக்டோபர் மத்தியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுமாதலால், செப்டம்பருக்குள் தென்சென்னையில் ஒரு கூடமேனும் திறந்திருக்க வேண்டும்.