ஆலையின் கவனம் அடுப்படிக்கும் வேண்டும்!

சிவகாசி வட்டாரத்துக் குடும்பங்களுக்குத் தீயைப் பற்றிப் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பிறகு, அந்த ஊருக்குச் சோறு போடுவதே தீதான்!

பட்டாசு ஆலையில் கண்டிப்பான விதிகள் உண்டு. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்தைக் குவித்து வைக்கக் கூடாது. பருத்தி உடையே உடுத்த வேண்டும். பகலெல்லாம் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள், மாலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போதும் அப்படி இருக்க வேண்டாமா?

தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: கேஸ் கசிகிறதா என்று தீக்குச்சி உரசிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது! குழாயில் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போலத் தரையில் தேங்கி நிற்கும். நாற்றம் அடித்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து விடுங்கள். மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அதில் எழும் சிறு பொறியே போதும், வீடு பற்றிக்கொள்ள! எல்லோரும் வெளியே வந்த பிறகு, 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால்?

பதில்: விருதுநகர் என்றால் எண்ணெயில் பொரித்த புரோட்டா நினைவுக்கு வரும். எண்ணெய் கொதிக்கும் ஊரில் இது முக்கியமான கேள்வி. தண்ணீர் ஊற்றாதீர்கள்! தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலு பக்கமும் வீசி எறியும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடுங்கள். காற்று இல்லாவிட்டால் தீயும் இல்லை.

கேள்வி: ஆலைக்குப் போன உடையோடு சமைக்கலாமா?

பதில்: கூடாது. உடையில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கலாம். கை, முகம் கழுவி, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

கேள்வி: சுட்டுக்கொண்டால் மை தடவலாமா?

பதில்: மையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். காயம் பெரிது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்ல. வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்தவர்கள்! ஆபத்து என்றால் முதலில் விலகி நிற்க வேண்டும் என்பதை நாடு அன்று பெரிய விலை கொடுத்துக் கற்றது.

வீட்டிலும் அதே பாடம்தான். இது தாய்மார்களுக்கு மட்டும் அல்ல. ரெகுலேட்டரை மூடும் விதத்தை ஆண்களும் பெரிய பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும், குடும்பத்தோடு ஒருமுறை செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆயுள் முழுவதும் காக்கும்!