பட்டா பார்த்துத் தரும் பணம்

டெல்லி துவாரகாவில் நான்காவது மாடியில் குடியிருக்கும் என் அண்ணன், மத்திய அரசின் கணக்கில் ஒரு விவசாயி. மன்னார்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன ஐந்து மா நிலத்துக்குப் பட்டா அவர் பேரில் இருக்கிறது. (என் பேர் அதில் இல்லாதது வேறு கதை.) தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர். வருமான வரி கட்டும் அளவுக்கு வரும்படி இல்லை, மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியமும் இல்லை. ஆகவே விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தின் விதிப்படி தகுதியானவர்தான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வங்கியில் விழுகிறது. நாற்று விட்டு, களை எடுத்து, மழைக்குப் பயந்து அறுப்பதெல்லாம் எங்கள் குத்தகைக்காரர். அவருக்கு ஒரு பைசா கிடையாது.

2019 பிப்ரவரியில் இத்திட்டத்தைத் தொடங்கும்போது 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கே என்றார்கள். தேர்தல் முடிந்த கையோடு அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நிலம் தன் பேரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் யாரும் தொடவில்லை. டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுபவர்கள் அதிலேயே அடிபட்டுப் போனார்கள்.

2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் விவசாயியே அல்லாதவர்களை இத்திட்டத்தில் சேர்த்தது வெளியே வந்தது. தமிழ்நாட்டில் தகுதியில்லாதவர்கள் 5 லட்சத்துக்கு மேல். சிபிசிஐடி வந்தது, கைதுகள் நடந்தன. நல்லது. விதியை மீறாமலேயே பணம் தப்பான வீட்டுக்குப் போவதற்கு மட்டும் ஒருவருக்கும் கோபம் வருவதில்லை.

நான் இருப்பதும் டெல்லியில்தான், மயூர் விகாரில். பக்கத்தில் சில்லா காதர், யமுனையின் வெள்ளப் படுகை. எங்கள் தெருவுக்கு வரும் கீரையும் முள்ளங்கியும் அங்கே விளைபவை. விளைவிப்பவர்களில் பலர் உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் பக்கத்திலிருந்து வந்து, பீகாவுக்கு இவ்வளவு என்று யாருக்கோ குத்தகை கொடுப்பவர்கள். நிலம் தங்களுடையது என்கிறது டெல்லி வளர்ச்சிக் குழுமம். ஆறு மாசுபட்டதைக் காட்டி அங்கே உணவுப் பயிர் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. மாசு அவர்கள் கலந்ததல்ல. 2023 ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-ன் உச்சத்தையும் தாண்டியபோது, போனது அவர்கள் வெள்ளாமை. பிஎம் கிசான் பட்டியலில் இவர்களுக்கு இடமே இல்லை. டெல்லியின் நஜஃப்கரிலும் நரேலாவிலும் தன் பேரில் நிலம் உள்ளவருக்கு, கலப்பையைத் தொடாவிட்டாலும் இடமுண்டு.

மன்னார்குடி நிலத்தின் குத்தகையைப் பதிவு செய்துவிடலாமே என்று அண்ணனிடம் கேட்டேன். "அந்தப் பணத்தை வேணும்னா அவருக்கே அனுப்பிடறேன், பதிவு மட்டும் வேண்டாம்மா" என்றார். முடிச்சு இருப்பது இங்கேதான். தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் வந்தது. பதிந்தால் குத்தகைக்காரரை எழுப்ப முடியாது என்ற பயத்தில் வாய்ப்பேச்சாகவே விட்டுவிடுகிறோம். ஒருவர் வள்ளலாக இருப்பதால் தீருகிற விஷயமில்லை இது.

ஆந்திரம் 2019-ல் ஒரு வழி பார்த்தது: 11 மாதத்துக்கு மட்டும் சாகுபடி அட்டை, அதை வைத்து நிலத்தில் உரிமை கோர முடியாது. நல்ல யோசனை. ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்தார்கள், பலர் போட மறுத்தார்கள். ஒடிசாவின் காலியா உழவர் உதவித் திட்டம், விளைச்சலைப் பங்கிடும் வாரச் சாகுபடிக்காரரையும் சேர்த்துக்கொண்டது.

நம் ஊரில் விஏஓ தரும் அடங்கலைக் காட்டிக் குத்தகைக்காரர் பயிர்க் காப்பீடு செய்கிறார். காப்பீட்டுக்குச் செல்லும் அந்தக் காகிதம் ஏன் 2,000 ரூபாய்க்குச் செல்லாது? வடக்கே அடங்கலைப் போலவே பட்வாரி எழுதும் கிர்தாவரி இருக்கிறது. நிலத்துக்காரர் கையெழுத்தைக் கேட்காமல், வயலில் நிற்பவர் பேரை அவற்றில் எழுதி, தவணையை அந்தப் பேருக்கே அனுப்பும்படி மத்திய வேளாண் அமைச்சகம் விதியைத் திருத்த வேண்டும். அண்ணன் பேர் அடிபட்டுப்போனால் போகட்டும்.