பக்கத்து வீட்டு ஊசி ஏற்பைத் தடுக்காது

2024 ஜனவரியில், 6 முதல் 9 மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிகமாகச் சின்னமுத்துத் தடுப்பூசி போடத் தெரிவான 9 பகுதிகளில் கல்முனைப் பிராந்தியமும் ஒன்று. 2019இல் இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நோய் அது. 2023இல் திரும்பி வந்தது.

ஊரே ஊசி போட்டிருந்தால், ஊசி போடும் வயது வராத குழந்தையும் சின்னமுத்திலிருந்து தப்பும். ஏற்பு அப்படியல்ல. அதன் கிருமி மண்ணில் கிடக்கிறது. ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. ஊரில் எல்லோரும் போட்டிருந்தாலும் போடாதவருக்குப் பயனில்லை. கர்ப்பிணித் தாய் போட்டுக்கொள்ளும் ஊசிதான் பிறக்கும் சிசுவையும் காக்கிறது.

பாடசாலையில் 7ஆம் தரத்தில் போடுவதும் ஏற்புக்கும் தொண்டைக்கரப்பானுக்குமான ஊசியே. அன்றைக்கென்று பிள்ளையை வீட்டில் மறித்துவைக்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். தவறவிட்டவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம்.